இரண்டே கம்பி, ஒரு பாரி சாக்ஸ்: மார்ஃபீன் குழுவின் அடிக்குரல்

90-களின் ராக் என்றதும் பினாங்கில் நம் பிள்ளைகள் வாயில் முதலில் வருவது நிர்வானா, அடுத்து பேர்ல் ஜாம், கொஞ்சம் தேடிக் கேட்டவர்கள் என்றால் சவுண்ட்கார்டன். எல்லாமே கிட்டார் முன்னே நின்று முழங்கும் குழுக்கள். அதே ஆண்டுகளில் கிட்டாரைக் கிட்டத்தட்ட முழுசாக ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கம்பி பேஸ் (தாழ்சுரக் கிட்டார்), தாழ்ந்து ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸபோன், டிரம்ஸ், ஒரு மனிதக் குரல் என்று நான்கே ஒலிகளில் ராக் செய்த குழு மார்ஃபீன். அந்தப் பத்தாண்டில் இவர்களைப் போல ஒலித்த வேறு குழு எதுவும் எனக்குத் தெரியாது. நம் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மிடையே இவ்வளவு குறைவாகக் கேட்கப்பட்ட குழுவும் வேறில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1989-இல் தொடங்கியது. பாடியதும் பேஸ் வாசித்ததும் மார்க் சாண்ட்மன். சாக்ஸ் டேனா கோலி. டிரம்ஸில் முதலில் ஜெரோம் டுப்ரீ. இரண்டாவது ஆல்பம் பதிவாகும்போது அவர் உடல்நலக் காரணத்தால் விலக, பில்லி கான்வே வந்து உட்கார்ந்தார். சாண்ட்மனும் கான்வேயும் அதற்கு முன்பே 'ட்ரீட் ஹெர் ரைட்' என்ற ப்ளூஸ் ராக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். தங்கள் இசைக்கு அவர்களே வைத்த பெயர் 'லோ ராக்'. தாழ்ந்த ராக். அடித்தளத்தில் ஓடும் ராக் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாண்ட்மன் முதலில் ஒரே ஒரு கம்பியில்தான் வாசித்தார், பிறகு இரண்டாவதைச் சேர்த்தார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டில் விரலை அழுத்தாமல், ஸ்லைடு என்ற குழாயை விரலில் மாட்டிக் கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பது அவர் முறை. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இது புதிதே இல்லை. வீணையில் உள்ளதுபோன்ற மெட்டுகளை நம்பாமல், ஒரு கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி விடாமல் போவது நமக்குப் பழகிய சுகம். உறுமியை நினைத்துப் பாருங்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒலி கீழிருந்து மேலே முனகிக்கொண்டு ஏறுகிறதே, சாண்ட்மனின் பேஸும் அப்படித்தான் ஏறும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையில் நின்று உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு 'புவேனா' பாட்டின் முதல் வரியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுரம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ப்ளூஸ் மரபின் ஐந்து சுர அடிப்படை, நம் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். அதாவது சுத்த தன்யாசி ராகம். கமகமும் நடையும் வேறு, உண்மைதான். ஆனால் கை எங்கே போக வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்ததாகிவிடுகிறது.

இனி ஒலிப்பதிவுப் பக்கம். பேஸ், பாரிடோன் சாக்ஸ், தாழ்ந்த ஆண்குரல் மூன்றும் ஒரே அடுக்கில் உட்காருபவை. பாரிடோன் சாக்ஸின் ஆகக் கீழ்ச் சுரம், தாழ் ஏ சாவி உள்ள கருவியில் சுமார் 65 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். கலவை மேசையில் உட்காருபவர் இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் 'சேறாகிவிடும்' என்றுதான் முதலில் சொல்வார். ஏன் ஆகவில்லை? கிட்டார் வழக்கமாக அடைத்துக்கொள்ளும் நடு இடம் காலியாக இருக்கிறது. சாக்ஸின் அடிச்சுரம் தாழ்வாக இருந்தாலும், அதன் கரகரப்பும் மூச்சொலியும் அந்தக் காலி இடத்துக்கு ஏறி வந்துவிடுகின்றன. பேஸ் வழுக்கும்போது சாக்ஸ் நிற்கிறது, சாக்ஸ் பேசும்போது பேஸ் ஒரே சுரத்தில் தங்குகிறது. டிரம்ஸ் அநாவசியமாக எதையும் நிரப்புவதில்லை. குரல் மைக்குக்கு ஒட்டி, காதோடு பேசுவதுபோல் பதிவாகியிருக்கிறது. தயாரிப்பில் சாண்ட்மனோடு உழைத்த பால் கோல்டெரி, ரேடியோஹெட் குழுவின் முதல் ஆல்பத்திலும் கை வைத்தவர். அவருடைய வேலை இங்கே எதையும் பெரிதாக்கிக் காட்டாததில் இருக்கிறது.

இதனால்தான் கைப்பேசி ஸ்பீக்கரில் மார்ஃபீன் கேட்கக் கூடாது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றையும் தராது. குழுவின் பாதி ஆளே வெளியே நின்றுவிடுவார். காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன் போதும். ஸ்பீக்கரில்தான் என்றால் அறையைக் கவனிக்க வேண்டும். தாமான் வீடுகளின் பின்னறை பெரும்பாலும் 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் வரும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 3 மீட்டர் அகலத்தின் இரட்டிப்பால் அதை வகுத்தால் 58 ஹெர்ட்ஸ். பேஸின் ஏ சுரத்துக்கு ஒட்டி நிற்கும் எண். ஆகவே அந்த ஒரு சுரம் மட்டும் சுவரோரம் குடம்போல முழங்கும், அறையின் நட்ட நடுவில் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓர் 60 சென்டிமீட்டர் வெளியே இழுத்து வையுங்கள். உட்காரும் நாற்காலியை நடுவிலும் வைக்காமல், பின்சுவரோடும் ஒட்டாமல், இரண்டுக்கும் இடையில் போடுங்கள். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது நல்லது.

கேட்டால் மட்டும் போதாது, வாசித்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவின் பெரும்பகுதி. இரண்டு கம்பி பேஸுக்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். பழைய நான்கு கம்பி பேஸ் ஒன்று, நேரான கழுத்து இருந்தால் போதும். ஃப்ரெட் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை, ஸ்லைடு அதைத் தொடப்போவதில்லை.

எந்த இரண்டு கம்பி? ஓரத்தில் இருக்கும் ஈ, ஜி இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் உள்ள ஏ, டி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விரற்பலகை மேலே லேசாக வளைந்திருக்கும். நடுக் கம்பிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் நேரான ஸ்லைடு இரண்டையும் ஒருசேரத் தொடும். ஓரக் கம்பி என்றால் ஸ்லைடு வெளியே நழுவும். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டில் உள்ள வெட்டும் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கே அறுக்கப்பட்டது. மெல்லிய கம்பியை அகல வெட்டில் போட்டால் ஆடிக்கொண்டு இரையும். வழக்கமான செட்டில் ஏ கம்பி 0.085 அங்குலம், டி கம்பி 0.065 அங்குலம். அதே இடத்தில் அதே கம்பி, இந்த விதியை மீற வேண்டாம்.

சுருதி: ஏ கம்பியை அப்படியே விடுங்கள், அதுதான் ச. டி கம்பியை ஒரு முழுச்சுரம் ஏற்றி ஈ ஆக்குங்கள், அது ப. ஏற்றும்போது அந்தக் கம்பியின் இழுவிசை நான்கில் ஒரு பங்கு கூடும். நல்ல கம்பி தாங்கும், துருப்பிடித்த பழைய கம்பி பிரடையில் அறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெல்ல முறுக்குங்கள். சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஏ கம்பியின் 7-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை ஒற்றி மீட்டி எடுக்கும் மணியோசையும், ஈ கம்பியின் 12-ஆவது ஃப்ரெட்டில் அதே மாதிரி எடுப்பதும் ஒரே சுரம். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் அலையடிப்பு இருக்கக் கூடாது. தம்பூரா சேர்த்துப் பழகியவர்கள் ட்யூனரையே தேட மாட்டார்கள். இரண்டு கம்பியையும் ஒரே சுருதியில் வைப்பது இன்னொரு வழி. அதில் ஒலி தடிக்கும், ஆனால் ச-ப ஒன்றாக ஒலிக்கும் அந்தக் கம்பீரம் கிடைக்காது.

இரண்டு கம்பியைக் கழற்றியதும் மூன்று தொல்லை வரும். முதலாவது, கழுத்தை இழுக்கும் பாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுவதால் உள்ளே கழுத்தை நேராக வைத்திருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் வென்று, கழுத்து பின்னுக்கு வளையும். திறந்த கம்பி மீட்டும்போது முதல் சில ஃப்ரெட்டுகளில் இரையும். ட்ரஸ் ராட்டை இடப்பக்கமாகக் கால் திருப்பு மட்டும் தளர்த்தி, ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்தால், நடுவில் 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு கால் திருப்பு. அவசரப்பட்டு ஒரு முழுத் திருப்பு கொடுத்துவிட்டுப் பிறகு மரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்.

இரண்டாவது, கம்பி இல்லாத பிரிட்ஜ் சேடில்கள், அதாவது கம்பியின் கீழ்முனையைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டுகள். மேலிருந்து அழுத்த ஆளில்லாததால் அதன் ஸ்ப்ரிங்கும் சின்னத் திருகும் கிணுகிணுக்கும். ஒலிபெருக்கியில் ஏதோ உடைந்துவிட்டது என்று பலர் தேடி அலைவது இதனால்தான். அந்த இரண்டு சேடில்களையும் கழற்றி ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கழுத்து முனையில் காலியாக நிற்கும் முறுக்காணிகளின் வாஷரும் அதே வேலையைச் செய்யும். ஒரு சுற்று துணி டேப் போதும். மூன்றாவது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப் இரண்டாகப் பிளவுபட்டிருக்கும் பேஸ்களில் ஏ கம்பி ஒரு பாதியின் மேலும் டி கம்பி மறு பாதியின் மேலும் நிற்கும். ஒன்று உரக்கவும் மற்றது அடங்கியும் கேட்டால், அடங்கிய பக்கப் பிக்-அப்பின் திருகைத் தளர்த்தி அதைக் கம்பிக்கு அருகே உயர்த்துங்கள்.

கம்பி உயரம் அடுத்தது. விரலால் வாசிக்க 12-ஆவது ஃப்ரெட்டில் 2 மி.மீ. சொச்சம் போதும், ஸ்லைடுக்கு 4 மி.மீ. வேண்டும். சேடில் திருகை ஆலன் கீயால் ஏற்றலாம். நட்டுப் பக்கம் அது முடியாது. ஏற்கெனவே உள்ள நட்டின் மேல் தொப்பிபோல மாட்டும் உலோக நட் கடைகளில் கிடைக்கிறது. அதில் அளவாக இரண்டு வெட்டு மட்டும் ராவிக்கொண்டால் போதும். உயரம் போதாவிட்டால் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடித்து டக்டக் என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லாரும் ஸ்லைடை அழுத்துவார்கள். அழுத்தக் கூடாது. கம்பியின் மேல் ஸ்லைடின் எடை மட்டும் இருந்தால் போதும்.

அந்த எடை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மெல்லிய கண்ணாடி ஸ்லைடை நான் பரிந்துரைப்பதில்லை. பேஸ் கம்பி கனமானது. லேசான ஸ்லைடு அதன் மேல் அதிரும், சுரம் கலங்கும். கெட்டியான பித்தளை அல்லது குரோம் பூசிய எஃகு நல்லது. வாங்க மனமில்லாதவர்களுக்கு ஸ்பேனர் செட்டில் வரும் நீள சாக்கெட் ஒன்று அருமையான ஸ்லைடு, உள்விட்டம் 19 அல்லது 20 மி.மீ. இருந்தால் சுண்டுவிரலிலோ மோதிர விரலிலோ நிற்கும். வெளிப்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். எண் பொறித்த பக்கத்தைக் கம்பிக்குக் காட்டாதீர்கள். தொடும் இடம் ஃப்ரெட்டுகளுக்கு இடையில் இல்லை, ஃப்ரெட் உலோகத்துக்கு நேர் மேலே. 34 அங்குல பேஸில் 12-ஆவது இடத்தில் 5 மி.மீ. தள்ளிவிட்டால் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிசகும். காதில் விழும் பிசகு அது. ஸ்லைடு சாய்ந்தால் ச சரியாகவும் ப பிசகியும் நிற்கும்.

சுத்த தன்யாசி இந்தப் பலகையில் 3, 5, 7, 10, 12 ஆகிய இடங்களில் கிடைக்கிறது. திறந்த ச-விலிருந்து 3-க்கு வழுக்கி, அங்கேயே லேசாக அசைத்து, 5-இல் நிறுத்தி, மறுபடி திறந்த கம்பிக்கு வாருங்கள். முக்கியமான வேலை ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் மற்ற விரல்களுக்கு. அவை கம்பியின் மேல் பட்டும் படாமலும் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள துண்டு தனியாகப் பாடும், அதுதான் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும் ஆவி ஒலி. வலக்கையும் மீட்டாத கம்பியை ஒற்றிக்கொள்ள வேண்டும். சுருள் கம்பியில் ஸ்லைடு உரசும் கரகரப்பு பிடிக்காவிட்டால், தட்டையான சுற்று உள்ள ஃப்ளாட்வூண்ட் கம்பி போடுங்கள். கடற்காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைத்துவிடுங்கள். துருப்புள்ளி விழுந்த கம்பியில் ஸ்லைடு மணலில் போவதுபோல் போகும்.

ஒலிபெருக்கியில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், 700 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள், வழுக்கல் தெளிவாகும். ஒன்று சொல்லியாக வேண்டும்: நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் இரட்டிப்பான 100-உம் இந்த இசை வாழும் அதே இடத்தில் விழுகின்றன. மற்ற குழுக்களில் கண்டுகொள்ளாமல் விடும் 'ம்ம்ம்' இங்கே நான்காவது வாத்தியமாகிவிடும். எர்த் இல்லாத இரண்டு முள் நீட்டிப்பு வயரைப் பயன்படுத்தாதீர்கள். எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகுவது அதைவிட மோசம், உயிருக்கே ஆபத்து.

சாக்ஸுக்கு வருவோம். கத்ரி கோபால்நாத் வழியாக சாக்ஸபோன் நமக்குச் சொந்தமான வாத்தியம், ஆனால் அவர் கையில் இருந்தது ஆல்டோ. கோலியின் கையில் இருப்பது பாரிடோன். வாசிப்பவர்கள் சுருக்கி 'பாரி' என்பார்கள். நாயனத்தில் திமிரி, பாரி என்று பிரிக்கிறோமே, நீண்டு தாழ்ந்து ஒலிப்பதற்கு நாமும் அதே பெயரைச் சொல்வது எனக்கு எப்போதும் இனிக்கும் ஒற்றுமை. பாரி சாக்ஸ் கனம், கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் கழுத்து போய்விடும். தோள் இரண்டிலும் மாட்டும் ஹார்னஸ் கட்டாயம். பள்ளிப் பஞ்சராகம் என்ற பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்த பிள்ளை ஒருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

இது ஈ-ஃப்ளாட் கருவி என்பதால் நம் பேஸின் ச, அதாவது ஏ, அவருடைய இசைத்தாளில் எஃப்-ஷார்ப். ப என்பது சி-ஷார்ப். தாழ்ந்த ப-வைத் தொட வேண்டுமென்றால் அவர் தாழ் சி-ஷார்ப் சாவிக்குப் போக வேண்டும். ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்வதில் அந்தச் சாவியின் பேடும் (துளையை மூடும் தோல் மெத்தை), ஜி-ஷார்ப் பேடும் பேர்போனவை. சாவியை அழுத்துவார், பேட் எழும்பாது, பாட்டின் அழகான இடத்தில் வேறு சுரம் வந்து விழும். வாசிக்கும் முன் பேடுக்கும் துளைக்கும் இடையே சிகரெட் சுற்றும் தாளை வைத்து, மெல்ல அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். அழுத்தியபடி இழுத்தால் பேடின் தோல் கிழியும். தாழ் சுரங்கள் தடுமாறிக் குழறினால் உதட்டைக் குறை சொல்லாதீர்கள், மேலே எங்கோ ஒரு பேட் காற்று விடுகிறது. வாயில் வைக்கும் நாணல் தகடான ரீட் 2.5 அளவில் தொடங்கலாம். ஈரமாகவே பெட்டியில் மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கோலி சில பாட்டுகளில் பாரிடோனையும் டெனரையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசிப்பார், கைக்கு ஒரு சாக்ஸ். ஜாஸ் மேதை ரசான் ரோலண்ட் கிர்க் காட்டிய வழி. ஒரு கையில் எட்டும் சுரங்கள் கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது என்று அறிந்திருப்பதுதான் அவருடைய பெருமை.

டிரம்ஸுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர், ஹை-ஹாட், ஒரு ரைடு. கிக்கைப் பேஸின் ச-வுக்கு மேலே சுருதி ஏற்றி வையுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் மோத வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது? 1993-இல் வந்த 'கியூர் ஃபார் பெயின்'. 13 பாட்டு. 'புவேனா', 'தர்ஸ்டே' இரண்டிலும் இந்தப் பதிவில் சொன்ன அத்தனையும் இருக்கிறது. 'இன் ஸ்பைட் ஆஃப் மீ'-யில் பேஸும் சாக்ஸும் விலகி நிற்க மாண்டலின் துணை வரும். ஆல்பத்தின் நடுவில் ஜன்னல் திறந்தது மாதிரி. அடுத்து 1995-இன் 'யெஸ்', வேகம் கூடியது, 'ஹனி வைட்' முதல் பாட்டு. பிறகு பின்னோக்கிப் போய் 1992-இன் 'குட்'. அதில் 'யூ லுக் லைக் ரெயின்' பாட்டை மழைமாதத்தில் கேளுங்கள். 1997-இன் 'லைக் ஸ்விம்மிங்' எனக்குக் கொஞ்சம் தளர்ந்தாற்போல் தோன்றும், ஆனாலும் விடக்கூடாது.

பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிக் கடைகளிலோ கண்ணில் பட்டால், சிடியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல் ஒளி கசிந்தால் உலோகப் படலம் அரித்திருக்கிறது, துடைத்தாலும் தேறாது. கேசட் என்றால் நாடாவின் விளிம்பில் வெண்புள்ளி இருக்கிறதா, நடுவில் உள்ள சின்ன ஃபெல்ட் பஞ்சு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்த நாடாவை உங்கள் பிளேயரில் ஒருமுறை ஓட்டினாலே போதும், அடுத்து போடும் எல்லா நாடாவுக்கும் தொற்றும்.

'தி நைட்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூலை 3 அன்று இத்தாலியின் பாலெஸ்ட்ரினாவில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் சரிந்தார் சாண்ட்மன். வயது 46. அதற்கு முன்பே பதிவாகியிருந்த இந்த ஆல்பம் 2000-இல் வெளிவந்தது. டுப்ரீ, கான்வே இருவரும் இதில் வாசித்திருக்கிறார்கள். கான்வேயும் 2021 டிசம்பரில் போய்விட்டார். முந்தைய ஆல்பங்களில் காலியாக விட்டிருந்த நடு இடத்தில் இங்கே மெல்ல மெல்ல மற்ற வாத்தியங்களும் பெண் குரல்களும் வந்து உட்காருகின்றன. அடியில் அந்த ஸ்லைடு மட்டும் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனில், இரவில், முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள்.